அம்பத்தூர் பீர்

இந்த டீயில் போட்டிருக்கும் இஞ்சி பழையது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. எதிர்க் கடைக்காரன் காலையில் தட்டி வைத்ததையே இன்னமும் போட்டுக்கொண்டிருக்கிறான். தட்டிக் காய்ந்துபோன இஞ்சியில் காரம் நிற்கும், மணம் போய்விடும். உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு நாக்கில் பட்டவுடன் தெரிந்துவிடுகிறது. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

என் பெயர் துலுக்கானம். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஜிஞ்சர் பீர் போட்டு விற்கிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைக் கோபக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். நான் யாரையும் கைநீட்டி அடித்தவன் இல்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தொழிற்பேட்டை, எஸ்டேட் என்கிறோமே, அது இருக்கும் இடமெல்லாம் முன்பு நெல் வயல். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அந்த வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். வயல் போய் ஃபேக்டரி வந்ததில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வயலாக இருந்தபோதும் அது எங்களுடையது இல்லையே. நான் எஸ்டேட்டில் ஒரு கூல்டிரிங்ஸ் கம்பெனியில் பாட்டில் கழுவும் பகுதியில் சேர்ந்தேன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. எண்பத்து மூன்றில் இருந்தது.

மத்தியானம் கேன்டீனில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருவன் திருநெல்வேலி, ஒருவன் மணப்பாறை, இன்னொருவன் கும்பகோணம். தீபாவளி, பொங்கல் என்று ஊருக்குப் போய்த் திரும்பினால் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருவார்கள். அல்வா, முறுக்கு, காபிப் பொடி. பிரித்து எல்லாருக்கும் நீட்டும்போது அவர்கள் முகத்தில் ஒரு களை வரும். அதைத் தங்கள் கையாலேயே செய்தது போல. எனக்கு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும்.

உத்தமன் என்று ஒரு மணப்பாறைக்காரன். நல்ல பிள்ளை. ஒரு நாள் அவன் கேட்டான்: "துலுக்கானம், எங்க ஊர் முறுக்கையே கடிச்சுக்கிட்டிருக்கியே, உங்க ஊர்ல என்னய்யா விசேஷம்? ஒரு நாளைக்குக் கொண்டாந்து காட்டேன்."

நான் யோசித்தேன். வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "கொசு."

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். நியாயமான பதில்தான். அம்பத்தூருக்கென்று என்ன இருந்தது? பருத்தி எங்கோ விளைகிறது, இங்கே நூலாகிறது. இரும்பு எங்கிருந்தோ வருகிறது, இங்கே போல்ட்டாகிறது. ஆட்களும் அப்படித்தான். நாக்கில் வைத்தால் இது அம்பத்தூர் என்று சொல்லும்படி ஒரு பண்டம் கிடையாது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. கோபத்தால் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியது என் பொறுப்பு என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஜிஞ்சர் பீர் என்று சோடா கம்பெனிகள் வெகுகாலமாக ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார்கள். எசன்ஸ், சாக்ரின், கலர், கேஸ். செத்த தண்ணீர். நான் போட்டது அது இல்லை. பச்சை இஞ்சியைத் தட்டி, பனைவெல்லப் பாகில் போட்டு, எலுமிச்சைத் தோல் சீவிச் சேர்த்து, பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைக் கலந்து ஜாடியில் மூடி வைத்தால் அது தானாகப் பொங்கி வரும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே மழை பெய்வது போல ஒரு சத்தம். அது உயிருள்ள சரக்கு, ஐயா. போதை ஏறாது. ஆனால் குடித்தவன் ஒரு நிமிடம் பேச மாட்டான். பழைய பாட்டில் கடையில் பெரிய கம்பெனிகளின் காலி பீர் பாட்டில்களை வாங்கி, லேபிளை ஊறவைத்து உரித்து, கழுவி, அதில்தான் நிரப்பினேன். கழுவுவதில் என்னைக் குறை சொல்ல யாருமில்லை. அதுதான் நான் படித்த வேலை.

வேலையை விட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டேன்.

ருசி பார்க்க ஆள் வேண்டும். தன் சரக்கைத் தானே ருசி பார்ப்பவன் ஏமாந்துபோவான். என் மனைவி லோகநாயகியை வைத்துப் பார்த்தேன். ருசி பார்க்கிறவர்கள் காரம், புளிப்பு, வெற்றிலை எதுவும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நாள் கேட்டாள். ஒரு நாள் அடுப்படியில் ஊறுகாய் ஜாடியோடு அவளைப் பார்த்துவிட்டேன். ஜாடியை வாங்கி வாசலில் கொட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை.

"ஒரு ஊறுகா கூட துன்னக் கூடாதா? நான் இன்னா பொம்பளையா, உன் மிஷினா?" என்று கேட்டாள். ஐயப்பன்தாங்கலில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. நானும் அழைக்கவில்லை. அவளுக்கு நாக்கு அவ்வளவாக இல்லை.

அதன் பிறகுதான் வனஜா வந்தாள். என் தங்கை பொன்னியம்மாவின் மகள். அடுத்த தெருவில் வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் ஷெட்டுக்கு வந்துவிடுவாள். நான் கேட்காமலேயே ஒரு நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, எலுமிச்சம்பழத்தைக் கொட்டையோட புழிஞ்சியா? அடியில கசக்குது" என்றாள். பிழிந்திருந்தேன். இன்னொரு நாள், "இது அந்த இஞ்சி இல்ல, வேற கடை" என்றாள். அதுவும் சரி. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? கேன்டீனில் அவ்வளவு பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் அப்படி ஒரு நாக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில், கூலி வேலை செய்தவர்கள் குடும்பத்தில், அது பிறந்திருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் அவள் சரி என்று சொல்லாத ஒரு ஜாடியும் என் ஷெட்டைத் தாண்டியதில்லை. அவள் வேண்டாம் என்றதை ஜாடி ஜாடியாகக் கொட்டியிருக்கிறேன்.

எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் மனோகரன் என்பவன் பெட்டிக்கடை வைத்திருந்தான். அவன்தான் முதலில் வாங்கினான். ஷிஃப்ட் விட்டு வருகிறவர்கள் மசால் வடையும் கையுமாக நின்று குடித்தார்கள். அடுத்து ஆவடி மார்க்கெட், பூந்தமல்லியில் ஒரு பிரியாணிக் கடை, முத்தாபுதுப்பேட்டையில் பட்டாளத்துக்காரர்கள் வரும் ஓட்டல், ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசல். பெரிய கம்பெனிகளின் கலர் பாட்டில்கள் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தள்ளிவிட்டு, "அம்பத்தூர் பீர் கீதா?" என்று கேட்டார்கள். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. குடித்தவர்கள் வைத்தார்கள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் ரயில்வே ஸ்டேஷனில் உத்தமனைப் பார்த்தேன். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தோளில் பை, பைக்குள் வைக்கோல் சுற்றிய பாட்டில்கள். "நம்ம துலுக்கானம் போட்டதுன்னு ஊர்ல சொல்வேன்ல? எங்கப்பா கேட்டு விட்டிருக்காரு, அம்பத்தூர்ல இருந்து வரப்ப அதைக் கொண்டாடான்னு" என்றான். ரயில் போன பிறகும் நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் மிகவும் நல்ல நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

தொண்ணூற்று நான்கில் பிரிஸ்கோ வந்தது. உங்களுக்குத் தெரியும், நீங்களும் குடித்திருப்பீர்கள். அதன் ருசியைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை. தில்லியில் குடித்தாலும் திருவள்ளூரில் குடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அதைத்தான் அவர்களும் பெருமையாகச் சொன்னார்கள்.

மனோகரன் கடைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. உள்ளே விளக்கெரியும் ஃபிரிட்ஜ். கூடவே புது போர்டு.

"அண்ணாத்தே, பொட்டி ஓசி" என்றான் மனோகரன். "ஒரே கண்டிசன், உள்ள அவுங்க சரக்குதான் வெக்கணும். உன்னுத வெளிய வச்சிக்கறேன். கோச்சிக்காத."

வெயிலில் வைக்கக் கூடாத சரக்கு அது என்று சொன்னேன். உயிருள்ளது சூட்டில் பொங்கும். அவன் கேட்கவில்லை. சித்திரை மாதத்தில் ஒரு பாட்டில் வெடித்து, பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண்ணின் முன்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள். பாவம்தான். ஆனால் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், அதனால் எனக்கு மனச்சங்கடம் ஒன்றும் ஏற்படவில்லை. அதன் பிறகு கடை கடையாக என் பாட்டில்களைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாக் கடையிலும் அதே கண்ணாடிப் பெட்டி, அதே விளக்கு.

அப்போது ஒரு சின்ன காரியம் செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க வேண்டியதில்லை. பிரிஸ்கோ பாட்டில் ஒன்றின் மூடியை நசுங்காமல் திறந்து, செத்த பல்லி ஒன்றை உள்ளே போட்டு, என் மிஷினில் மறுபடி மூடி அடித்து, மனோகரன் அசந்த நேரம் பார்த்து அவன் பெட்டிக்குள் வைத்தேன். யாரும் குடிக்கவில்லை. வாங்கியவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினான். கூட்டம் கூடியது. நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து, சிரித்துப் பேசி, நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் இலவசமாகக் கொடுத்தான். எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள். பல்லி கிடந்த அதே சரக்கை, அதே இடத்தில் நின்று. அருவருப்பு மனிதர்களிடம் ஒரு பாட்டில் நேரம்கூட நிற்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். பயம் வேறு. பயம் நிற்கும்.

அதற்கு மறுவருஷம் பொன்னியம்மாவின் புருஷன் தங்கவேல், பிரிஸ்கோவுக்கு ஏஜென்சி எடுத்தான். பக்கத்து ஊரான பாடியில் கொடவுன் பிடித்தான், டெம்போ வாங்கினான். என்னிடம் வந்து, "மச்சான், தப்பா நெனைக்காத. நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுக்கப் போறான்" என்றான். எடுக்கட்டும் என்றேன். எனக்கு அவன்மேல் வருத்தம் இல்லை. அவன் பீடி குடிப்பவன். ருசியைப் பற்றி அவனிடம் பேசிப் பயனில்லை.

வனஜா அப்போது எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். பையனின் அப்பா கலியமூர்த்தி, ஆவடி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, பூர்வீகம் கும்பகோணம் பக்கம். நிச்சயதார்த்தத்தன்று விருந்துக்கு என்ன போடுவது என்று பேச்சு வந்தது. காலை டிபனுக்கு இட்லியும் கடப்பாவும் எங்கள் ஊர்ச் சமையல்காரரை வைத்துத்தான் செய்ய வேண்டும், காபிப் பொடியும் ஊரிலிருந்து வரவழைத்துவிடுவேன் என்றார் கலியமூர்த்தி. அதில் எனக்கு மறுப்பு இல்லை. அவரவர் ஊர்ப் பண்டம் அவரவருக்கு உசத்தி. வரவேற்புக்கு அம்பத்தூர் பீர் நான் போட்டுத் தருகிறேன் என்றேன். எங்கள் சொந்தத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் நான்தான் போட்டுக்கொடுத்திருக்கிறேன்.

கலியமூர்த்தி சிரித்தார். "பீரா? பத்திரிகை வெச்சவங்கள்ளாம் என்ன நெனைப்பாங்க? கல்யாணத்துல பீர் ஊத்தினாங்கன்னு பேர் வந்துடும் சார். உள்ளூர் சரக்கெல்லாம் எதுக்கு, சம்பந்திதான் கம்பெனி ஏஜென்ட் ஆச்சே, அதையே வெச்சுடலாம். டீசன்ட்டா இருக்கும்."

தங்கவேல் தலையாட்டினான். பொன்னியம்மா தரையைப் பார்த்தாள். நான் வனஜாவைப் பார்த்தேன். பிறகு அவள் தனியாக வந்து, "மாமா, வுடு மாமா. அவுங்க வூட்டுல ஒண்ணு சொன்னா நம்ம எதுத்துப் பேச முடியுமா? நான் அப்பால உன் ஷெட்டுக்கு வந்து குடிச்சிக்கறேன்" என்றாள்.

சரி என்றேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இது ஒரு கல்யாணத்தோடு நிற்கப் போவதில்லை. அம்பத்தூரில் பிறந்து அம்பத்தூரில் கல்யாணம் செய்துகொள்கிற பெண்ணின் வரவேற்பிலேயே இந்த ஊருக்கு இடமில்லை என்றால், அப்புறம் எங்கே இடம்? யாராவது ஒருவர் இதை நிறுத்தியாக வேண்டும். வேறு யாரும் முன்வருவதாகத் தெரியவில்லை.

கல்யாணம் தொண்ணூற்றாறு ஆவணியில். வரவேற்பு சனிக்கிழமை மாலை, ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மண்டபம். முந்தின நாளே தங்கவேல் பிரிஸ்கோ பாட்டில் அடுக்கிய கிரேட்டுகளைக் கொண்டுவந்து ஸ்டோர் ரூமில் இறக்கி, சாவியை என்னிடம் கொடுத்தான். "மச்சான், கூல்டிரிங்ஸ் பொறுப்பு உன்னுது. நீ பாத்துக்கினா எனக்கு நிம்மதி" என்றான். எனக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும், என் மனம் ஆற வேண்டும் என்று நினைத்திருப்பான். நல்ல எண்ணம்தான்.

ஒரு கிரேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம், யாரும் கவனிக்கவில்லை. என்ன கலந்தேன் என்று கேட்டால், பாட்டில் கழுவும் மருந்து. எங்கள் தொழிலில் எல்லாரும் வைத்திருப்பதுதான். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இவ்வளவு பெரிய கம்பெனி, பாட்டிலைக்கூடச் சரியாக அலசாமல் அனுப்புகிறார்கள் என்று ஜனங்கள் தாமாகவே சொல்ல வேண்டும். நான் எதையும் சொல்லக்கூடாது. பல்லி விஷயத்தில் அருவருப்பை நம்பிச் செய்த தவறை மறுபடி செய்யவில்லை.

கலந்தால் அந்தச் சரக்கின் கேஸ் செத்துவிடும். நுரை எழாது. ருசியும் மாறிவிடும். நாக்கு உள்ளவன் வாயில் வைத்தவுடனேயே துப்பிவிடுவான், அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ருசி பார்க்காமல் மடக்மடக்கென்று விழுங்குகிறவனுக்குத்தான் கஷ்டம். இதை நான் யோசித்துத்தான் செய்தேன். யாரை வேண்டுமானாலும் தாக்குகிற காரியம் இல்லை இது. ஒரு வகையில் அவரவர் நாக்கின் கையில்தான் அது இருந்தது.

மூடிகளை மறுபடி அடித்து, அந்தக் கிரேட்டைத் திரும்பக் கொண்டுபோய் மற்றவற்றோடு அடுக்கினேன். யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் சரி என்று நினைத்தேன். தெரிந்தால் அது பழிவாங்குவதாகிவிடும்.

மேடையில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். கலியமூர்த்தியின் தம்பி, பாட்டுக்கச்சேரிக்காரர்களில் ஒருவர், பெண் வீட்டுக்காரர்கள் சிலர் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாயும் தொண்டையும் வெந்துபோயிருந்தன. எல்லாரும் பிழைத்துத் திரும்பிவிட்டார்கள். வனஜாவை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். பேச முடியவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. நான் தினமும் போய் வந்தேன். தாலி கட்ட வேண்டிய ஞாயிறு போய், அடுத்த வியாழக்கிழமை இறந்துவிட்டாள். பொன்னியம்மா என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். "அண்ணா, அந்தக் கம்பெனிக்காரனுங்க வெளங்குவானுங்களா? என் புள்ளைய பாட்டில்ல அடைச்சிக் கொன்னுட்டானுங்களே" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஆறுதல்தான்.

நான் கணக்குப் போட்டபடியே மற்றதெல்லாம் நடந்தது. எஸ்டேட்டில் பிரிஸ்கோ லாரியின் கண்ணாடியை உடைத்தார்கள். தங்கவேல் கொடவுனைப் பூட்டினான். கடைக்காரர்கள் அந்தப் பெட்டிகளை ரோட்டில் தூக்கிப் போட்டார்கள், அவை விளக்கு அணைந்து கிடந்தன. வனஜாவை எடுத்த மறுநாள் காலை மனோகரன் என் வாசலுக்கு வந்தான். துக்கம் விசாரித்துவிட்டு, "அண்ணாத்தே, கேக்கறதுக்கே ஒரு மாதிரி கீது. உன் சரக்கு இருந்தா ஒரு ரெண்டு கேஸ் போடேன். ஜனம் அதத்தான் கேக்குது" என்றான்.

அன்றே இஞ்சி தட்ட உட்கார்ந்தேன். அந்த ஜாடி நன்றாகப் பொங்கியது. ருசி பார்க்க ஆள் இல்லாததுதான் ஒரு குறை.

அப்படியே போயிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். கம்பெனிக்காரர்கள் வக்கீல் வைத்தார்கள். எங்கள் சரக்கில் ஒரு குற்றமும் இல்லை, மணப்பெண் குடித்தது அவளுடைய மாமன் வீட்டுக் கொல்லையில் போட்ட உள்ளூர் ஜிஞ்சர் பீர், அதை எங்கள் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் வரவைத்துவிட்டார்கள். முந்தாநாள் சுகாதார ஆட்கள் வந்து என் ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். பொங்கிக்கொண்டிருந்த ஜாடிகளைத் தெருவில் கொட்டினார்கள். தெருவே நின்று பார்த்தது. சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்று இழுத்துக்கொண்டார்கள். அம்பத்தூர் பீர் குடித்துப் பெண் செத்துப்போனாள் என்று பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். என் காதால் கேட்டேன். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை, ஐயா.

அதனால் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். என் சரக்கில் ஒரு பிழையும் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கு வயிற்றுவலி வந்தது என்று கிடையாது. அவள் குடித்தது பிரிஸ்கோ. அதில் கலந்தவன் நான். பேப்பரிலும் இதே வரிசையில் வந்தால் நல்லது.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாட்டில் வனஜா கைக்குப் போனபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டீர்கள்.

மேடையில்தான் இருந்தேன். தாய்மாமன் அல்லவா, பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். வீடியோக்காரன், மாப்பிள்ளையும் பெண்ணும் கூல்டிரிங்ஸ் குடிக்கிற மாதிரி ஒரு ஷாட் வேண்டும் என்றான். தட்டில் இரண்டு பாட்டில் வந்தது. மேடையிலேயே மூடியைத் திறந்தார்கள். மாப்பிள்ளையுடையதில் நுரை பொங்கி வழிந்தது. வனஜாவுடையதில் எழவில்லை. நான் கைநீட்டினால் தொடுகிற தூரம்.

அவள் என்னைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல், "மாமா, கோச்சிக்காத. வீடியோவுக்காண்டி ஒரே ஒரு வாய்" என்றாள். நான் தலையசைத்தேன்.

ஏன் தட்டிவிடவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? நான் பயப்படவே இல்லை. மற்ற யார் கைக்குப் போயிருந்தாலும் ஒருவேளை பயந்திருப்பேன். அவளுக்கு அந்த ருசி தெரியும். சரியாக அலசாத பாட்டில் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே என்பதற்காக, அவள் சிறுமியாக இருந்தபோது அதே மருந்தை நீரில் கரைத்து, ஒரு சொட்டு அவள் நாக்கில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அழுதாள். இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை, பொன்னியம்மாவிடம் சூடான பால் குடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் மறக்கவில்லை. அதன் பிறகு அலசல் குறைந்த ஒரு பாட்டிலும் அவளைத் தாண்டிப் போனதில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அதை வாயில் வைத்ததும் துப்பக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அது அவள் கைக்கே வந்தது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. எல்லார் முன்னாலும், கேமராவுக்கு முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால் துப்புவாள், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் வாயில் வைத்தாள். முகம் மாறியது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கலியமூர்த்தி எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரன் "சிரிம்மா, இங்க பாத்து சிரிம்மா" என்றான். விளக்கு முகத்தில் அடித்தது. அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கலந்தது நான்தான். ஆனால் அவ்வளவு கற்றுக்கொடுத்தும் துப்பாமல் விழுங்கினாளே, அதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.